‘சிங்கிள்’ என்று ஒரு வரி: சோல்ஜர்ஸ் ஹோம் ரெஜிஸ்டரை எப்படிப் படிப்பது?

கேள்வி: நான் மதுரைக்காரி. இப்போது மகள் வீட்டோடு விஸ்கான்சின் மாநிலம் ஷெபாய்கனில் இருக்கிறேன். மருமகன் ஜெர்மானிய வம்சாவளி. என் சம்பந்தியம்மாவின் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் 26-வது விஸ்கான்சின் காலாட்படையில் சண்டை போட்டவர். கடைசியில் மில்வாக்கி சோல்ஜர்ஸ் ஹோமில் (முன்னாள் படைவீரர்களுக்கான அரசு இல்லம்) 1903-ல் இறந்தார். ‘பெண்டாட்டியையும் நாலு பிள்ளைகளையும் தவிக்க விட்டுட்டுப் போனவர்’ என்றுதான் வீட்டில் பேச்சு. பேரன் இணையத்தில் ஹோமின் ரெஜிஸ்டர் பக்கத்தைக் கண்டுபிடித்தான். அதில் ‘சிங்கிள்’ என்று எழுதியிருக்கிறது. நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் மில்வாக்கியில் இருந்த ஒரு நண்பரின் பெயர். 1894 நவம்பரில் சேர்ந்து 1895 ஏப்ரலில் வெளியே போயிருக்கிறார், 1897 அக்டோபரில் திரும்பி வந்திருக்கிறார். பென்ஷன் 8 டாலர். சம்பந்தியம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுதுவிட்டார். உண்மையிலேயே குடும்பத்தைக் கைவிட்டாரா? பிறந்த இடம் ‘பிரஷ்யா’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள முடியுமா? குடியுரிமைக்குக் கொடுத்த முதல் விண்ணப்பம் எங்கே தேடியும் இல்லை. என்ன செய்யலாம், எவ்வளவு செலவாகும்?

பதில்:

அம்மா, வணக்கம். முதலில் சம்பந்தியம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அந்த ‘சிங்கிள்’ என்ற சொல் 1894 நவம்பரில் ஒரு நாள் குமாஸ்தா கேட்ட கேள்விக்கு வந்த பதில். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கல்யாணப் பத்திரத்தையோ பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டையோ பார்த்து யாரும் அதை எழுதவில்லை. 1897-ல் அவர் திரும்பி வந்தபோது அதே பக்கத்தில் மறுசேர்க்கைத் தேதியை மட்டும் சேர்த்திருப்பார்கள். குடும்ப விவரத்தைப் புதிதாகக் கேட்டுத் திருத்துவது வழக்கமாக நடக்காது. ஆகவே 1903 சாவு வரை அந்த ஒரு வரி அப்படியே நின்றிருக்கிறது. அதை வைத்து அவருக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. தீர்ப்புக்கு வேண்டிய சாட்சியம் வாஷிங்டனில் அவருடைய பென்ஷன் ஃபைலில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஃபைலுக்கு வருமுன் ரெஜிஸ்டர் பக்கத்தையே இன்னொரு முறை பார்ப்போம். இந்தத் தேசிய ஹோம்களை உருவாக்கும் சட்டத்தில் லிங்கன் 1865 மார்ச் 3-ல் கையெழுத்திட்டார். முதலில் வைத்த பெயரில் ‘அசைலம்’ என்ற சொல் இருந்தது, 1873-ல் அதை ‘ஹோம்’ என்று மாற்றினார்கள். மெய்ன் மாநிலத்தின் டோகஸ் முதல் கிளை. ஒஹாயோவின் டேட்டனும் மில்வாக்கியும் 1867-ல் வந்தன. பிறகு ஹாம்ப்டன், லெவன்வொர்த், லாஸ் ஏஞ்சலஸ், மேரியன், டான்வில் என்று கிளைகள் பெருகின. எல்லாக் கிளைகளிலும் ரெஜிஸ்டர் ஒரே அமைப்புதான்: ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நான்கு கட்டம். மேல் கட்டத்தில் படைச் சேவை. இரண்டாவதில் குடும்ப விவரம்: பிறந்த இடம், வயது, உயரம், கண், முடி, மதம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, கல்யாணம், நெருங்கிய உறவினர். மூன்றாவதில் ஹோமில் சேர்ந்தது, வெளியேறியது, பென்ஷன் தொகை, இறப்பும் காரணமும். கடைசிக் கட்டத்தில் அவர் கொடுத்த தாள்கள், விட்டுச்சென்ற பொருள், கல்லறை இருக்கும் இடம்.

உங்கள் பேரன் பார்த்தது இரண்டாவது கட்டத்தை. மூன்றாவது கட்டத்தில்தான் அந்த மனிதர் நடமாடுகிறார். நவம்பரில் வந்து ஏப்ரலில் போயிருக்கிறார். குளிருக்கு உள்ளே வந்து, வெயில் தலைகாட்டியதும் வேலை தேடி வெளியே போவது அந்தக் கிழவர்களிடையே மிகச் சாதாரணம். வெளியேறிய காரணம் ‘சொந்த வேண்டுகோள்’ என்று இருந்தால் அவரை யாரும் விரட்டவில்லை என்று அர்த்தம். இனி கேட்க வேண்டியது இதுதான்: 1895 ஏப்ரலிலிருந்து 1897 அக்டோபர் வரை, இரண்டரை வருடம், அவர் எங்கே இருந்தார்? ஷெபாய்கனில் வீட்டோடா, மில்வாக்கியில் தனியாகவா, வேறொரு கிளையிலா? கிளை விட்டுக் கிளை மாறியவர்கள் நிறையப் பேர் உண்டு. மில்வாக்கி ரெஜிஸ்டரோடு நிறுத்திவிடாமல், குறைந்தது டேட்டன், டான்வில், லெவன்வொர்த் கிளைகளிலும் அதே பெயரையும் அதே ரெஜிமென்டையும் தேடுங்கள். டான்வில் 1898-ல்தான் வந்தது, ஆகவே இந்த இடைவெளிக்கு அது உதவாது, கடைசி வருடங்களுக்கு உதவலாம். ரெஜிஸ்டர்கள் முழுவதும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிம் எண் எம்1749.

தேடும்போது எல்லாரும் சறுக்கும் இடம் பெயர். ஜெர்மன்காரர் தன் பெயரை ஜெர்மன் உச்சரிப்பில் சொல்வார், ஐரிஷ் குமாஸ்தாவோ யாங்கி குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி எழுதுவார். யோஹான் ஜான் ஆவார், வில்ஹெல்ம் வில்லியம் ஆவார். கோஹ்லர் என்ற குடும்பப் பெயர் கேலர், கெய்லர், கெல்லர் என்று மூன்று விதமாக வரும். போதாததற்கு, இன்று இணையத்தில் குறிப்பெடுத்தவர்கள் பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்திருப்பார்கள். பெயருக்குள் சந்தேகமான எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறியும், பின்பாதிக்குப் பதிலாக நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு ரெஜிமென்டைப் பிடியுங்கள். பென்ஷன் ஃபைல்களைத் தேடி எடுப்பதற்கான அட்டைகளில் இரண்டு வரிசை உண்டு: டி288 பெயர் வாரியாக, டி289 ரெஜிமென்ட், கம்பெனி (ரெஜிமென்டின் உட்பிரிவு) வாரியாக. 26-வது விஸ்கான்சினின் ஒரு கம்பெனி அட்டைகளை ஒன்றொன்றாகப் புரட்டினால், எழுத்துப்பிழை எப்படி இருந்தாலும் ஆள் அகப்படுவார். வேறு பெயரில் படையில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு பெயரும் அட்டையில் இருக்கும். இப்படிப் புரட்டும்போது ரெஜிஸ்டரில் இருக்கும் அந்த நண்பரின் பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரும் அதே கம்பெனிக்காரராக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அப்படி இருந்தால் அவருடைய பென்ஷன் ஃபைலும் உங்களுக்குச் சாட்சி. பழைய தோழர்கள் ஒருவர் பென்ஷனுக்கு இன்னொருவர் வாக்குமூலம் கொடுப்பார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். 8 டாலர் பென்ஷன், 1894, ஜெர்மன்காரர், உழைத்துத் தேய்ந்த உடம்பு. இதெல்லாம் சேர்ந்தால் 1890 ஜூன் 27 சட்டத்தின்படி கிடைத்த பென்ஷனாக இருக்க நிறைய வாய்ப்பு. அந்தச் சட்டத்தில் 90 நாள் சேவை இருந்தால் போதும், உடல் ஊனம் போரில்தான் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மாதம் 6 முதல் 12 டாலர் வரை கொடுத்தார்கள். அட்டையில் விண்ணப்ப எண், சான்றிதழ் எண் இரண்டும் இருக்கும். அதே அட்டையில் ‘விதவை’ என்ற வரியில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. ஏனென்றால் விதவைப் பென்ஷன் கேட்ட பெண் தன் கல்யாணத்தையும், விவாகரத்து ஆகவில்லை என்பதையும் நிரூபித்தாக வேண்டும். பாதிரியாரின் திருமணச் சான்று, அண்டை வீட்டார் இருவர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் என்று தாள்கள் குவியும். இரண்டு பேரும் சேர்ந்து வாழவில்லை என்ற சந்தேகம் வந்தால் விசேஷ விசாரணை அதிகாரி ஒருவர் ஊருக்கே வந்து, அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, பதிலை அவர்கள் வாய்ப்பேச்சிலேயே எழுதிக்கொள்வார். ஒரு குடும்பத்தில் 1890-களில் என்ன நடந்தது என்பதை இதைவிடக் கிட்டத்தில் காட்டும் ஆவணம் வேறில்லை.

விதவை எண் இல்லாவிட்டாலும் மனம் விட வேண்டாம். அந்த அம்மா முன்னமே இறந்திருக்கலாம், கையில் நிலம் இருந்ததால் தகுதி இல்லாமல் போயிருக்கலாம். அப்போதும் ஃபைலில் இரண்டு தாள்களைத் தேடுங்கள்.

ஒன்று, 1898 ஜனவரி 15 தேதியிட்ட கேள்வித்தாள். பென்ஷன் வாங்கிய எல்லாப் படைவீரர்களுக்கும் பென்ஷன் அலுவலகம் அதை அனுப்பியது. நீங்கள் திருமணமானவரா, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, எப்போது, எங்கே, யார் நடத்தி வைத்தார், உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் என்ன என்று நேரடியாகக் கேட்கும் தாள். கீழே படைவீரரின் கையெழுத்து. உங்களவர் 1897 அக்டோபரில் ஹோமுக்குத் திரும்பியவர், ஆகவே இந்தத் தாள் அவர் கைக்கு வந்தபோது ஹோமில்தான் இருந்திருப்பார். ‘சிங்கிள்’ என்று எழுதிய அதே ஹோமில் உட்கார்ந்து, நான்கு பிள்ளைகளின் பெயரையும் அவர் எழுதியிருக்கக் கூடும். எழுதாமலும் விட்டிருக்கலாம். இரண்டில் எது என்று அந்த ஒரு தாள் சொல்லும்.

இன்னொன்று, 1899 மார்ச் 3 சட்டத்தின் கீழ் வரும் பாதிப் பென்ஷன் மனு. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலும் சரி, சோல்ஜர்ஸ் ஹோமில் இருந்தாலும் சரி, வறுமையில் இருக்கும் மனைவி அவருடைய பென்ஷனில் பாதியைத் தனக்கு நேரடியாகக் கேட்டு வாங்கலாம் என்றது அந்தச் சட்டம். உங்கள் விஷயத்தில் மாதம் 4 டாலர். மனைவி மனுப் போட்டிருந்தால், ‘என் கணவர் இன்ன தேதியில் வீட்டை விட்டுப் போனார், அதற்குப் பிறகு இவ்வளவுதான் அனுப்பினார்’ என்று அவள் வார்த்தையும், அதற்கு அவர் சொன்ன மறுமொழியும் பக்கத்தில் பக்கமாக இருக்கும். மனுவே இல்லையென்றால், அவர் தானாகவே பணம் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதும் ஒரு சாத்தியம். 1881 முதலே ஹோமில் இருப்பவரின் பென்ஷன் ஹோமின் பொருளாளர் கைக்குப் போய், அங்கிருந்து குடும்பத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது.

இந்த இடத்தில் அந்த ஹோமின் ஒரு குணத்தையும் சொல்ல வேண்டும். மில்வாக்கியில் மனைவிக்கு இடம் கிடையாது. கம்பெனி, கேப்டன், நீலச் சீருடை, மணி அடித்தால் சாப்பாடு என்று முழுக்க ஆண்களின் பாசறை. வைத்தியமும் குளிருக்கு அடக்கமான படுக்கையும் வேண்டுமென்றால் குடும்பஸ்தன் வீட்டைப் பிரிந்துதான் வர வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் சிலர் அதைக் கைவிடுதல் என்றே நினைத்தார்கள், அந்த வார்த்தைதான் பரம்பரையாக வந்துவிடுகிறது. தம்பதியாக இருக்க வழி செய்த இடமும் விஸ்கான்சினிலேயே உண்டு: வவுபாக்கா அருகே கிங் என்ற ஊரில் 1887-ல் முன்னாள் வீரர்களின் சங்கம் தொடங்கிய ஹோம். அங்கே இவர்கள் ஏன் போகவில்லை என்பதும் நியாயமான கேள்வி. பதில் இருந்தால் அதே ஃபைலில்தான் இருக்கும்.

ஃபைலை வாங்கும் வழி: தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்தில் படிவம் 85. உள்நாட்டுப் போர் பென்ஷன் ஃபைல் முழுவதற்கும் 80 டாலர், அதில் முதல் 100 பக்கம் அடக்கம், மேற்பட்ட பக்கத்துக்குத் தனிக் கட்டணம். ஆர்டர் போடுமுன் அங்கே இருக்கும் கட்டணத்தை ஒருமுறை சரிபாருங்கள். மலிவாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்த சில தாள்கள் மட்டும் வரும் தொகுப்பை எடுத்துவிடாதீர்கள். வாக்குமூலமும் பாதிப் பென்ஷன் மனுவும் அதில் வராமல் போகும், பிறகு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டிவரும். படிவத்தில் படைவீரரின் சான்றிதழ் எண், விதவையின் சான்றிதழ் எண் இரண்டையும் எழுதுங்கள். விதவைக்குப் பென்ஷன் கிடைத்திருந்தால் முழு ஃபைலும் அவள் எண்ணின் கீழ்தான் அடுக்கப்பட்டிருக்கும். படைவீரர் எண்ணை மட்டும் கொடுத்து ‘கிடைக்கவில்லை’ என்ற பதில் வாங்கியவர்கள் ஏராளம். அட்டையில் எக்ஸ்-சி என்று தொடங்கும் எண் இருந்தால் மட்டும் வழி வேறு: ஃபைல் முன்னாள் வீரர் நலத்துறையிடமோ செயின்ட் லூயிஸ் காப்பகத்திலோ இருக்கலாம். 1928-க்குப் பிறகும் பென்ஷன் ஓடிக்கொண்டிருந்த ஃபைல்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி.

ஃபைல் வந்ததும் டாக்டர் பரிசோதனைத் தாளைச் சம்பந்தியம்மாவிடம் தனியாகக் காட்டுங்கள். அதில் மனித உடம்பின் கோட்டுருவம் அச்சிட்டிருக்கும், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. குண்டு பட்ட இடம், வடு, வீங்கிய மூட்டு இருந்தால் டாக்டர் மையால் குறித்திருப்பார். 26-வது ரெஜிமென்ட் 1862 செப்டம்பரில் மில்வாக்கியில் திரண்ட ஜெர்மன் ரெஜிமென்ட். 1863 மே 2-ல் சான்சலர்ஸ்வில்லில் பக்கவாட்டுத் தாக்குதலில் சிக்கிப் பலத்த சேதம் அடைந்தது, இரண்டு மாதம் கழித்து கெட்டிஸ்பர்க்கில் முதல் நாளே மறுபடி அடி வாங்கியது. சான்சலர்ஸ்வில் தோல்விக்கு ‘ஓடிப்போன ஜெர்மன்காரர்கள்’ என்று பத்திரிகைகள் பழியை இவர்கள் தலையில் கட்டின. அது அநியாயமான பழி. ஓடிப்போனவர் என்ற பேச்சு அந்தக் கிழவருக்கு இரண்டு முறை வந்து சேர்ந்திருக்கிறது.

காசில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது 1900 சென்சஸ். அவரை மில்வாக்கி கவுன்டியில் ஹோமின் தாள்களில் தேடுங்கள், மனைவியை ஷெபாய்கனில் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். எத்தனை வருடம் மணவாழ்க்கை, எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை பேர் உயிரோடு என்ற கட்டங்கள் அந்த சென்சஸில் உண்டு. கணவன் உயிரோடு ஹோமில் இருக்கும்போதே மனைவி தன்னை ‘விதவை’ என்று சொல்லியிருந்தால் அதையும் ஒரு நாள் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் சலுகையை அவளுக்கும் கொடுக்க வேண்டும். 1890-ல் படைவீரர்களுக்கென்று தனியாக எடுத்த கணக்கும் விஸ்கான்சினுக்கு அழியாமல் இருக்கிறது. அதில் அப்போதைய தபால் முகவரியும் உடல் குறையும் இருக்கும். ஹோமுக்குப் போக நான்கு வருடம் முன்னால் அவர் ஷெபாய்கனில் இருந்தாரா என்று அது சொல்லும்.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். ‘பிரஷ்யா’ என்பது ஒரு ராஜ்ஜியம், ரைன் கரையிலிருந்து பால்டிக் கரை வரை பரந்தது. விஸ்கான்சினுக்கு வந்தவர்களில் பொமரேனியாக்காரர்கள் நிறையப் பேர், அவர்கள் ஊர்களில் பெரும்பகுதி இன்று போலந்தில் இருக்கிறது. கிராமத்தின் பெயர் தெரியாமல் ஜெர்மனிக்கு எழுதிப் பயனில்லை. கிராமம் முதலில் அமெரிக்கத் தாளில் அகப்பட வேண்டும். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஷெபாய்கன் கவுன்டியின் ஜெர்மன் சர்ச் பதிவேடுகள். கல்யாணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், மனைவியின் அடக்கம் என்று மூன்றையும் பாருங்கள். பாதிரியார் அந்த ஊர்ப்பக்கத்து ஆளாக இருந்தால் கிராமத்தின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருப்பார். அடுத்தது படைச் சேவை ஃபைல், படிவம் 86, 30 டாலர். அதில் உள்ள அங்க அடையாளப் பட்டியலில் சில நேரம் ஊர்ப் பெயர் இருக்கும். அதன் பிறகே கப்பல் பட்டியல். ஹாம்பர்க் துறைமுகப் பட்டியல்கள் 1850 முதல் இருக்கின்றன, புறப்பட்ட ஊரும் அதில் உண்டு. பிரெமன் வழியாக வந்திருந்தால் அந்தக் காலத்துப் பட்டியல்கள் அழிந்துவிட்டன, அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குடியுரிமையின் முதல் தாள் கிடைக்காததற்குக் காரணம், அப்படி ஒன்று இல்லாமலே இருந்திருக்கலாம். 1862 ஜூலை 17 சட்டத்தின் 21-வது பிரிவு, கௌரவமாக விடுவிக்கப்பட்ட படைவீரர் 21 வயது நிரம்பியவராக இருந்தால், முதல் தாளான விருப்ப அறிவிப்பை முன்கூட்டியே கொடுக்காமல், ஒரு வருட வசிப்பைக் காட்டி நேராகக் குடியுரிமை கேட்கலாம் என்றது. படை விடுவிப்புச் சீட்டுதான் சான்று. ஆகவே 1865-க்குப் பிந்தைய இறுதி மனுவைத் தேடுங்கள். 1906-க்கு முன் எந்தப் பதிவு நீதிமன்றமும் குடியுரிமை கொடுக்கலாம் என்பதால் ஷெபாய்கன், மில்வாக்கி இரண்டு கவுன்டியையும் பாருங்கள். ஆனால் அந்தக் காலத்து மனுவில் பெயர், நாடு, தேதி தவிர அதிகம் இருக்காது, ஊர்ப் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். 1900 சென்சஸில் குடியுரிமைக் கட்டமும் உண்டு, முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

கல்லறை பெரும்பாலும் ஹோம் வளாகத்தை ஒட்டிய ‘உட்’ (Wood) என்ற தேசியக் கல்லறையில் இருக்கும். ரெஜிஸ்டரின் நான்காவது கட்டத்தையும் முன்னாள் வீரர் நலத்துறையின் இணையக் கல்லறைத் தேடலையும் ஒப்பிட்டுப் பிரிவு எண், கல் எண் குறித்துக்கொண்டு போங்கள். அந்தக் காலத்துக் கல்லில் குழிந்த கேடயத்துக்குள் பெயரும் கம்பெனியும் ரெஜிமென்டும் புடைத்து நிற்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். எழுத்து மங்கியிருந்தாலோ பெயரில் பிழை இருந்தாலோ கல்லறை அலுவலகத்தில் சொல்லுங்கள், அரசுக் கல்லைப் பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. அங்கிருந்து பார்த்தால் 1869-ல் கட்டிய பழைய பிரதானக் கட்டடத்தின் கோபுரம் தெரியும். 2021 முதல் அதிலும் சுற்றியுள்ள ஐந்து கட்டடங்களிலுமாக 101 வீடுகளில் இன்றைய முன்னாள் வீரர்கள் குடும்பத்தோடும் குடியிருக்கிறார்கள்.

செலவு இரண்டு ஃபைலுக்குமாக 110 டாலர், கூடுதல் பக்கம் வந்தால் அதற்கு மேல் கொஞ்சம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் பென்ஷன் ஃபைலை வாங்குங்கள். தாள்கள் வந்து படிக்க முடியாமல் திணறினால் எனக்கு அனுப்பலாம். ஆனால் பேரனிடம் சொல்லி, பக்கத்தை முழுதாக, நான்கு ஓரமும் தெரிய, பின்புறத்தோடு சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம்.